ரூ. 23,600 வாங்கிக்கொண்டு லென்ஸைப் பெட்டியிலேயே வைத்திருந்த கடை: ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை வீடு திரும்பியதிலிருந்து மனம் ஆறவில்லை. இரவு முழுவதும் புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையும் ஆறுமாக அலைகிற நண்பர்கள் யாரும் என்னைப்போல் ஏமாறக் கூடாது என்பதற்காகவும், இத்தகைய கடைகளை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது என்பதைச் சொல்வதற்காகவும் இந்தப் பதிவு. புகார் கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. கேமரா பழுதுபார்ப்பதாகவும், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்கித் தருவதாகவும் பலகை வைத்திருக்கும் கடை என்பது மட்டும் போதும்.

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் ஒகேனக்கல்லுக்குப் போயிருந்தேன். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியிருந்ததால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை இருந்தது. கன்னடத்தில் ஒகேனக்கல் என்றால் புகையும் பாறை என்று பொருள். அன்று அந்தப் புகை, நான் நின்றிருந்த இடம்வரை எழும்பி முகத்தில் அடித்தது. நீர் பால்போல் வழிவதாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு, இரண்டு நொடி எக்ஸ்போஷரில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய 16-35 மி.மீ. வைடு லென்ஸ் (அகலமான காட்சியை ஒரே படத்தில் அடக்குவது), ஜூம் வளையத்தைத் திருப்பும்போது குழல் நீண்டு சுருங்குகிற ரகம். நீளும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தச் சாரலில் நின்றுகொண்டு திரும்பத் திரும்ப ஜூம் செய்ததால் ஈரம் உள்ளே போய்விட்டது. அதுவரை தவறு என்னுடையதே.

சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வைத்தேன். பெரும்பாலான ஈரம் வற்றிவிட்டது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் உட்புறக் கண்ணாடி ஒன்றில் கேழ்வரகு மணி அளவில் மூன்று பொட்டுகளும், அவற்றைச் சுற்றி மூடுபனி போன்ற படலமும் தெரிந்தன. அவற்றை அப்படியே மொபைலில் படமெடுத்து வைத்தேன். ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் காலண்டருக்கு 12 படங்கள் எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருந்த நேரம் அது. ஒகேனக்கல், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி அணை, பெட்டமுகிலாளத்து மூடுபனி, மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் (பக்கக் கற்களின் மேல் மூடுகல் வைத்த பழங்கால ஈமச் சின்னங்கள்) எல்லாம் பட்டியலில் இருந்தன. வைடு லென்ஸ் இல்லாமல் பாதியைக்கூட எடுக்க முடியாது.

ஆகஸ்ட் 8 அன்று தர்மபுரியிலிருந்து பஸ் ஏறிக் கிருஷ்ணகிரியில் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இத நான் தொடமாட்டேன். இங்க பிரிச்சா அலைன்மென்ட் போயிடும், அப்புறம் ஒரு பக்கம் ஷார்ப்பா வரும், ஒரு பக்கம் வராது. கம்பெனிக்கே அனுப்பிடலாம்" என்றார். என்னை வீழ்த்தியது இந்தப் பேச்சுதான். காசுக்கு ஆசைப்படுகிறவர் கையில் கிடைத்த வேலையைத் தொடமாட்டேன் என்று சொல்வாரா என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, நான் லென்ஸைச் சுற்றிக் கொண்டுபோயிருந்த நீலத் துணியோடு அப்படியே உள்ளே வைத்து, பழுப்பு டேப் ஒட்டி, டேப்பும் அட்டையும் சேரும் இடத்தின் மேல் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "கம்பெனிக்காரன் தவிர யாரும் திறக்கலைன்னு உங்களுக்கும் தெரியணும் இல்லீங்களா" என்றார். மார்க்கர் பேனாவையும் அவரே மூடி கழற்றிக் கொடுத்தார். தீர்த்தமலை அடிவாரத்தில் ஃபிலிம் காலத்தில் தான் எடுத்த படம் என்று சுவரில் மாட்டியிருந்த ஒன்றையும் காட்டினார். அண்ணா அண்ணா என்று பேசிக்கொண்டே, கட்டணம் 20,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600, ஆக மொத்தம் 23,600 ரூபாயை ஒரே தவணையில் ஜிபேயில் அனுப்பினேன். முன்பணம் மட்டும் போதுமா என்று நான் கேட்டதற்கு, முழுத் தொகை கட்டினால்தான் நிறுவனத்தில் பாகம் ஆர்டர் போடுவார்கள் என்றார். 23,600 ரூபாய்க்கு அவர் கொடுத்தது ஒரு வெள்ளைச் சீட்டு. அதன் மேல் எஸ்டிமேட் என்று அச்சிட்டிருந்தது.

பத்து நாளில் வரும் என்றார். பத்தாம் நாள் பாகம் ஸ்டாக் இல்லை என்றார். பிறகு சர்வீஸ் சென்டரில் கூட்டம், பிறகு விநாயகர் சதுர்த்தி விடுமுறை, பிறகு பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டது, பிறகு கிளம்பியதில் விலாசம் தவறு. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் கவுண்டரில் இருக்கும் பையன், "அண்ணன் சாப்பிடப் போயிருக்காருங்க" என்பான். மதியம் பன்னிரண்டுக்குப் போனாலும் அதே பதில், மாலை ஐந்துக்குப் போனாலும் அதே பதில். நான்கு முறை இதற்காகவே தர்மபுரியிலிருந்து போய் வந்தேன். கொரியர் ரசீது எண்ணைக் கேட்டு மூன்று நாள் கெஞ்சிய பிறகு ஒரு எண்ணை அனுப்பினார். கொரியர் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன்: ஜூலை 29 அன்றே பட்டுவாடா ஆன பார்சல் என்று காட்டியது. நான் லென்ஸைக் கொடுத்ததோ ஆகஸ்ட் 8. அதைச் சொன்னதும், பையன் எண்ணை மாற்றி அனுப்பிவிட்டான் என்றார்.

அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். லென்ஸின் சீரியல் எண் பழைய பில்லில் இருந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரை நேரடியாக அழைத்து அதைச் சொன்னேன். அந்த எண்ணில் தங்களிடம் எந்த வேலையும் பதிவாகவில்லை என்று அங்கிருந்த பெண் இரண்டு முறை சரிபார்த்துச் சொன்னார். அவர் பேச்சில் இருந்த பொறுமைகூட இந்தக் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை.

நேற்று கடைக்காரரே அழைத்தார், லென்ஸ் வந்துவிட்டது என்று. போனேன். அதே அட்டைப்பெட்டி. அதே பழுப்பு டேப். டேப்பின் மேல் என்னுடைய கையெழுத்து, ஒரு கோடுகூடப் பிசகாமல், தூசி படிந்து இருந்தது. அவர் கண் முன்பே பிரித்தேன். நீலத் துணி நான் மடித்த மடிப்பிலேயே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன்: அதே மூன்று பொட்டுகள், மொபைல் படத்தில் இருந்த அதே இடத்தில். ஈரத்தோடு 49 நாட்கள் இருட்டில் கிடந்ததால், கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை போலப் பூஞ்சை கிளம்பியிருந்தது. பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. கையெழுத்தைக் காட்டிக் கேட்டேன். "கம்பெனில பார்த்துட்டுத் திரும்ப இதே டேப்ப ஒட்டியிருப்பாங்க தம்பி. லென்ஸ்ல ஒண்ணும் இல்லையாம், உங்க கேமராலதான் கோளாறாம்" என்றார். பணத்தைக் கேட்டதற்கு, செக்கிங் சார்ஜ், போக்குவரத்து, எல்லாம் போனது, திரும்ப வராது என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். 23,600 ரூபாய். மூன்று கல்யாண வீடுகளில் விடியற்காலை முகூர்த்தத்துக்கு எழுந்து நின்று சம்பாதித்த பணம்.

பணத்தைவிட இந்தப் பருவம் போனதுதான் எனக்கு ஆறாத வருத்தம். காவிரியில் அந்த வெள்ளம் இனி அடுத்த ஆடியில்தான், அதுவும் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால்தான். மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகளின் பக்கத்தில் பாறை நெருக்கமாக இருப்பதால் பின்னால் தள்ளி நிற்க இடமில்லை; 50 மி.மீ. லென்ஸால் துண்டு துண்டாக ஒன்பது படங்கள் எடுத்து ஒட்டினேன். மூடுகல்லின் விளிம்பு ஓரிடத்தில் வளைந்து வந்தது. தொழிற்சாலைக்காரர் பார்த்ததும் அந்தப் படத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

இத்தகைய கடைகளைக் கண்டுகொள்ளும் வழிகளை விரிவாக எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை. இவற்றை மட்டும் மனதில் வையுங்கள். நிறுவனத்துக்கு அனுப்புகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் சீரியல் எண்ணைச் சொல்லி நீங்களே சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். எஸ்டிமேட் சீட்டுக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள், ஜி.எஸ்.டி. வாங்கினால் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில் கேளுங்கள். அந்த எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். என் சீட்டில் இருந்ததை நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன், 14தான். கொடுப்பதற்கு முன் லென்ஸின் உட்புறத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால், ஜிபே ரசீது, வெள்ளைச் சீட்டு, கொரியர் விவரம், இரண்டு தேதிகளில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட அந்தப் பெட்டியையும் டேப் கிழிந்தபடியே வைத்திருக்கிறேன். இதே கடையில் இதேபோல் இழந்தவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகும்போது சேர்ந்தே போகலாம்.