கோடைக்கடை போட்டால் மிஞ்சுமா? தர்பூசணி, கரும்புச்சாறு, கம்பங்கூழ்

மார்ச் முதல் மே வரை மூன்று மாதம். கோடை மழை, ஊர்த் திருவிழா, உடம்பு முடியாத நாள் எல்லாம் கழித்தால் வியாபாரம் ஓடுவது 75 நாள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் மண்டியில் விசாரித்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தர்பூசணி கிலோ 15 ரூபாய் என்றால் 50 கிலோவுக்கு 750. தோல் போக 30 கிலோ சதை நிற்கும். அதில் ஐந்து கிலோ வெளுத்தது, குழைந்தது என்று கழியும். மீதியைக் கால் கிலோ தட்டாகப் போட்டால் 100 தட்டு. ஐஸ், தட்டு, வண்டி வாடகைக்கு 250 வைத்தால் தட்டுக்கு 10 ரூபாய் அடக்கம். 20க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம்.

கரும்பில் லாபம் இன்னும் கூடுதல். கரும்பின் எடையில் ஏறக்குறைய பாதி சாறாக இறங்கும். கிலோ 10 ரூபாய்க் கரும்பில் 200 மில்லி தம்ளருக்குக் கரும்புச் செலவு 4 ரூபாய். ஐஸ், எலுமிச்சை, இஞ்சி, டீசலுக்கு இன்னொரு 4. விலை 20 என்றால் தம்ளருக்கு 12 நிற்கிறது. இதைப் பார்த்துத்தான் பலரும் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

மெஷின் 50,000க்கு வாங்கி, சீசன் முடிந்து பாதி விலைக்குத் தள்ளிவிட்டாலும் 25,000 போச்சு. 75 நாளுக்குப் பிரித்தால் தினம் 333 ரூபாய். தம்ளருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக நிற்பதை வைத்து இதை ஈடுகட்ட வேண்டும். தினம் 167 தம்ளருக்கு மேல் ஓடினால்தான் கரும்பு தர்பூசணியை முந்தும். பேருந்து நிலைய வாசல் என்றால் சரி, தெருமுனைக்கு அது பெரிய எண்ணிக்கை. மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் கதையே வேறு.

மழை பெய்தால்? முழுக் கரும்பும் அறுக்காத பழமும் நாளைக்கு இருக்கும். அறுத்த பழம் இருக்காது. அதனால் பழத்தை முன்கூட்டியே அறுத்து அடுக்காமல், ஆள் நிற்கும்போது அறுப்பது நல்லது. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி விற்பனை படுத்தது. கண்ணெதிரே அறுத்தால் அந்தச் சந்தேகத்துக்கும் வேலையில்லை.

கூழுக்கு மெஷின் வேண்டாம், கம்பும் மலிவு. காசு போவது தொட்டுக்கொள்ளும் பொருளில்தான். மோர் மிளகாய், மாங்காய், சின்ன வெங்காயம், கொத்தவரங்காய் வத்தல் என்று வரிசையாக வைத்துவிட்டு, ‘இவ்வளவுதான்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்! அப்புறம், முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்தது என்பதால், மறுநாள் காலை தூறல் போட்டால் பானையோடு நட்டம். வீட்டில் கூடமாட வேலை செய்ய ஆள் இருப்பவர்களுக்கே இது சரிப்படும்.

நுங்கைச் சேர்க்கவில்லை. மரம் ஏற ஆள் கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

முதல் வருடம் என்றால் என் ஓட்டு தர்பூசணிக்கு. விற்காத நாளில் தலையில் ஏறும் சுமை அதில்தான் குறைவு: ஐஸ், தட்டு, வாடகைச் செலவு 250 முழுதாகப் போய், 50 தட்டு மட்டும் விற்றாலும் 375 நிற்கும், சொந்த மெஷின் வைத்து 50 தம்ளர் விற்றால் 267தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலில் வேண்டும். உங்கள் கூலியை இந்தக் கணக்கில் நான் இன்னும் கழிக்கவில்லை.