போனை மட்டும் வைத்து இளம்பிள்ளைச் சேலை விற்பது: சில வருஷ அனுபவம்

நான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்த பிறகு பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்கிற சேலைகளை வாட்ஸ்அப் வழியாக விற்க ஆரம்பித்தேன், இன்றுவரை விடாமல் போகிறது. கடை கிடையாது, லேப்டாப் கிடையாது, வெப்சைட் கிடையாது. பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் ஒன்று, அதில் இரண்டு சிம், அவ்வளவுதான். போனை வைத்தே மாதம் ஐம்பதாயிரம் என்று வீடியோ போடுகிறார்களே, அந்தக் கணக்கு எனக்கு ஒரு மாதமும் வந்ததில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம், பொங்கல் நேரம், அப்புறம் முகூர்த்தம் அதிகம் வரும் தை, வைகாசி மாதிரி மாதங்களில் எட்டாயிரம், பத்தாயிரம் வரை கையில் நிற்கும். ஜூனில் எல்லார் வீட்டிலும் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற சமயம் ஆயிரம் ரூபாய் தேறினாலே பெரிது. குடும்பம் நடத்த இது போதாது. கேஸ், கரண்ட் பில், பிள்ளையின் டியூஷன் என்று தாங்கும், அதுவே எனக்குப் பெரிய பலம்.

இதற்கு முன் போனில் காசு தரும் மற்ற வழிகளையும் பார்த்துவிட்டேன். சர்வே ஆப்களில் கிடைப்பது சில்லறை. கூகுளின் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் நம் ஆண்ட்ராய்டு போனில் பணமாகக்கூட வராது, பிளே ஸ்டோரில் செலவழிக்கும் கிரெடிட்டாகத்தான் வரும். யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருஷத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி பார்வை தொட வேண்டும். அது தனி உழைப்பு, வருஷக்கணக்கில் பொறுத்திருக்க முடிந்தவர்களுக்குச் சரி. ஆனால் டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய்" என்று வருகிறதே, அதன் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். முதல் இரண்டு தடவை நிஜமாகவே பணம் போடுவார்கள், அப்புறம் பெரிய டாஸ்க் என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள், அதை எடுக்க ஐயாயிரம், அதை எடுக்க இருபதாயிரம். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் தாலிக்கொடி வரைக்கும் அடகு வைத்தாள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும், தாமதித்தால் அந்தப் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும். உங்கள் பேங்க் அக்கவுண்ட்டை வாடகைக்குக் கொடுத்தால் கமிஷன் என்பதும் அதே கூட்டத்தின் வேலைதான். அதில் போலீஸ் கேஸ் நம் பேரில் வரும்.

சரி, சேலைக்கு வருகிறேன். இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருப்பவர்களும் மொத்தக் கடைக்காரர்களும் ரீசெல்லர் குரூப் நடத்துகிறார்கள். தினமும் காலையில் போட்டோவும் விலையும் வரும். நாம் அதன் மேல் நம் மார்ஜினை வைத்து நமக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும், ஆர்டர் வந்ததும் கடைக்குப் பணம் போட்டு முகவரி கொடுத்தால் பார்சலில் நம் பேரைப் போட்டு அவர்களே அனுப்பிவிடுவார்கள். முதலீடே இல்லாத தொழில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சொல்வது உண்மைதான், ஆனால் அதே போட்டோ அதே நிமிஷத்தில் நூற்றுக்கணக்கான பேரிடம் போய்ச் சேருகிறது. நான் 780 சொன்னால் இன்னொருத்தி 750 சொல்வாள், மறுநாள் 720. இப்படி இறங்கிக்கொண்டே போனால் ஒரு சேலைக்கு முப்பது ரூபாய்கூட மிஞ்சாது, அதற்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சாக வேண்டும்.

எனக்கு இது ஓடுவதற்கு ஒரே காரணம், நான் கடைக்குப் போய்ச் சேலையைத் தொட்டுப் பார்த்து நானே படம் எடுப்பதுதான். சிவதாபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் அரைநாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், இந்த வசதி சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ரீசெல்லருக்குக் கிடையாது. அங்கே கடைக்கார அண்ணாவிடம் கேட்டு, சேலையை ட்யூப்லைட்டுக்கு அடியிலிருந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவேன். நேர் வெயில் கூடாது, ஜரிகை வெள்ளையாக வெளுத்துப்போகும். நிழலான வாசல், காலை நேரம், அதுதான் சரியான இடம். போன் கேமராவில் ஏஐ, பியூட்டி என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் அது தானாக நிறத்தை ஏற்றிக் காட்டும். திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் லாக் ஆகும், அடர்ந்த அரக்கு நிறமாக இருந்தால் அதன்பிறகு கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா அதை வெளிச்சமாக்கி வெறும் சிவப்பாக்கிவிடும். வாடாமல்லி நிறம் இன்னும் மோசம், போனில் நீலத்துக்கு ஓடிவிடும். அதனால் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டித் துணியை வைத்து எடுக்கிறேன், வேட்டி வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

அங்கே டபுள் ஷேடு சேலைகள் நிறைய. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மயில்கழுத்து அப்படித்தான், ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், இன்னொரு பக்கம் சாய்த்தால் பச்சை. இதை ஒரு போட்டோவில் காட்டவே முடியாது. முந்தியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பி ஒரு குட்டி வீடியோ எடுத்துப் போடுகிறேன், கூடவே "நேரில் பச்சை கொஞ்சம் தூக்கலா தெரியும்" என்று வாயால் சொல்லிவிடுகிறேன். சேலையின் உடம்புப் பகுதி எவ்வளவு மெல்லிசு, பின்பக்கம் நூல் தொங்குகிறதா, ப்ளவுஸ் கூடவே வருகிறதா, எல்லாம் காட்டிவிடுவேன். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் "அக்கா, கலர் இப்படியேதான் வருமாங்க?" என்று பத்துத் தடவை கேட்பார்கள். இப்போது ஏற்கெனவே வாங்கினவர்கள் கேட்பதே இல்லை, ஸ்டேட்டஸில் போட்டதும் "எனக்கு எடுத்து வையுங்கக்கா" என்று மட்டும் வருகிறது. இருபது முப்பது ரூபாய் அதிகம் என்று தெரிந்தே என்னிடம் வாங்குகிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம், அதையே போடுங்கள். கேட்டலாக், லேபிள், ஒரே பதிலைத் திரும்ப அனுப்பும் வசதி மூன்றும் தினமும் கைகொடுக்கின்றன. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது, உங்கள் நம்பரை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் அது போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டரிலேயே நம்பரை சேவ் பண்ணச் சொல்லிவிடுவேன். கடைக்காரர் குரூப்களில் ஆட்டோ டவுன்லோடை அணைக்காவிட்டால் ஒரே வாரத்தில் போன் நிரம்பிவிடும்.

பணம் முழுக்க யுபிஐ தான், முன்பணம் வராமல் அனுப்புவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்த பிறகே பார்சல் சொல்கிறேன், பொய் ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கவே ஆப் வைத்திருக்கிறார்கள். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, போடச் சொன்னால் அது திருட்டு. வியாபாரத்துக்குத் தனி அக்கவுண்ட் வைத்திருப்பது மிக முக்கியம். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய பணம் ஏதாவது மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தால் வாங்கியவர் கணக்கையும் முடக்கி வைக்கிறார்கள், அதில் உங்கள் வீட்டுக்காரர் சம்பளமும் கிடந்தால் என்ன கதி?

டேமேஜ்தான் இந்தத் தொழிலில் தலைவலி. பார்சல் பிரிக்கும்போது வெட்டில்லாத ஓபனிங் வீடியோ இல்லையென்றால் எந்தக் கடையும் மாற்றித் தராது. ஒரு தடவை கூரியரில் நனைந்து வந்த சேலைக்குக் கடையும் கூரியரும் மாறி மாறிக் கைகாட்டினார்கள், கடைசியில் நான்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர் அதன்பிறகு வளைகாப்புக்கு ஒரே நிறத்தில் பதினைந்து சேலை எடுத்தார், இந்த மாதிரி மொத்த ஆர்டர்தான் நல்ல லாபம்.

ஜிஎஸ்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு நமக்குப் பொருந்தாது. அதனால் நான் மாநிலத்துக்குள் மட்டும்தான் அனுப்புகிறேன், பெங்களூரில் இருப்பவர்கள் கேட்டால் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

கொலுசும் சேர்த்து விற்கலாமே என்று செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வெள்ளி விலை தினமும் மாறுகிறது, எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி என்று போனில் விளக்குவதற்குள் விலை வேறாகிவிடும், எனக்கு அது வேண்டாம். ஏற்காட்டில் இருக்கும் தங்கச்சி மிளகும் காபித்தூளும் இதே முறையில் விற்கிறாள். உணவுப்பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். மலையில் அவள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது, மொட்டை மாடிக்குப் போய்த்தான் ஆர்டர் பார்க்கிறாள், ஆனாலும் பாக்கெட் போட்டு முடியாத அளவுக்கு ஆர்டர் வருகிறது.