பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆவாரையா, உண்ணிச்செடியா?

கானாடுகாத்தானில் எங்கள் வீடு வருஷத்தில் 8 மாதம் பூட்டித்தான் கிடக்கும். பின்கட்டைத் தாண்டினால் சுற்றுச்சுவர் வரை வெறும் செம்மண். வண்டும் பட்டாம்பூச்சியும் வரட்டுமே என்று 4 வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் ஆவாரை விதை ஊன்றினேன், மறுபக்கம் நர்சரி உண்ணிச்செடி வைத்தேன். வேர் பிடித்த பிறகு இரண்டுமே தண்ணீர் கேட்கவில்லை. வேலியெல்லாம் கிடப்பதால் உண்ணியும் நம்ம ஊர்ச் செடி என்றே நினைத்திருந்தேன். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது.

முதல் வருஷம் உண்ணிக்குத்தான் கூட்டம். அதில் தேன் உண்டு. ஆவாரம்பூவில் மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் மட்டும் துளை உள்ள மகரந்தப் பைக்குள் அடைந்து கிடக்கும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து உர்ரென்று உடம்பை அதிரவிட்டால்தான் கொட்டும். காலையில் காப்பியோடு பின்வாசல் படியில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கும். வண்டின் வயிறெல்லாம் மஞ்சள். பட்டாம்பூச்சி ஆவாரைக்கு வருவது முட்டையிட. பச்சைப் புழுக்கள் ஒருமுறை இலையை மொட்டையடித்துவிட்டன. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் "மருந்து அடிச்சிடவா ஆச்சி?" என்று போன் பண்ணினார். வேண்டாம் என்றேன். அடுத்த மழைக்குத் தழைத்துவிட்டது.

சரி, ஆளில்லாத வீட்டில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமா என்பதைவிட, வெட்ட ஆள் வேண்டுமா என்பதுதான் கேள்வி. உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவி தின்று கண்ட இடத்தில் எச்சமிடும். போன ஆடியில் வந்து பார்த்தால் கிணற்றடியில், சுவர் விரிசலில், ஓட்டு இடுக்கில்கூடக் கன்று. தண்டெல்லாம் சொரசொரவென்று முள். பிடுங்கிய கூலி செடி விலையைப் போல 5 மடங்கு. பக்கத்து வீட்டில் ஆடு வேறு. உண்ணி இலை அதற்கு விஷம். ஆவாரைக் காய் அடியிலேயே உதிர்கிறது, சிறு கன்றாக இருக்கும்போதே இழுத்துவிடலாம். காய்க்காத உண்ணி ரகமும் உண்டாம், நான் வைத்துப் பார்த்ததில்லை.

ஆவாரைக்கு ஆணிவேர். காட்டிலிருந்து பிடுங்கி நட்ட மூன்றும் செத்தன. விதைத்தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஐப்பசி மழையில் ஊன்றினேன். இரண்டாம் வருஷம்தான் பூத்தது. பூ ஓய்ந்ததும் நுனி கிள்ளினால் அடர்கிறது. அடித்தண்டு மரம்போல முற்றிப்போன செடியை எவ்வளவு வெட்டலாம் என்று சொல்ல என் செடிக்கு இன்னும் வயசாகவில்லை.

உண்ணியை எல்லாம் எடுத்தாயிற்று. கிணற்றடியில் மட்டும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறதாம்.