குடை மட்டும் சிவப்பு: ஆறு ஆண்டு கிம்ப் அனுபவம்

படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளை நிறுவியபோது எனக்கு இரண்டே ஆசைகள். படத்தில் ஆள் தெளிவாக நிற்கப் பின்னணி கரைய வேண்டும். கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு குடை மட்டும் சிவப்பாகத் தெரிய வேண்டும். இரண்டும் முதல் நாளே கைகூடின. பார்க்கச் சகிக்கும்படி வருவதற்குத்தான் இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதலில் பின்னணி மங்கல். லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, நகலெடுத்து, கீழே உள்ளதைக் காசியன் பிளர் என்னும் மங்கலாக்கும் ஃபில்டர் கொண்டு மங்கலாக்கி, மேலே உள்ளதில் மாஸ்க் என்னும் மறைப்புத் திரை போட்டு ஆளை மட்டும் விட்டுவைப்பதுதான் பாடம். மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும். அப்படியே செய்தேன். ஆளைச் சுற்றி, சாமி படத்தில் இருப்பது போல ஓர் ஒளிவட்டம் வந்து நின்றது. மாஸ்க்கின் ஓரம்தான் சரியில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் அதையே சுரண்டிக்கொண்டிருந்தேன். குற்றம் அங்கே இல்லை. காசியன் பிளர் ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சராசரி எடுக்கிறது. அருகில் இருப்பதற்கு அதிக எடை, தள்ளி இருப்பதற்குக் குறைவு. கீழ் லேயரிலும் அந்த ஆள் இருக்கிறாரே! அவருடைய வெள்ளைச் சட்டைதான் பின்னணியில் கசிந்திருக்கிறது. எனவே மங்கலாக்கும் முன்பே கீழ் லேயரிலிருந்து ஆளை அகற்றிவிட வேண்டும். குளோன் கருவியால் பக்கத்துச் சுவரையோ செடியையோ இழுத்து அவர் மேல் பூசினால் போதும். நேர்த்தி தேவையில்லை, எப்படியும் மங்கப் போகிறது.

அடுத்த பிழை பாதத்தில் தெரிந்தது. லென்ஸ் தரும் மங்கல், ஃபோகஸ் விழுந்த தூரத்திலிருந்து விலக விலகக் கூடும். ஆள் நிற்கும் தரை அவரைப் போலவே தெளிவாகத்தான் இருக்கும்; பின்னால் போகப் போக மெல்லக் கரையும். நான் தரை முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கியதால், ஆள் அந்தரத்தில் மிதந்தார். இப்போது மாஸ்க்கில் தரைப் பகுதிக்கு வெள்ளையிலிருந்து கருப்புக்குப் போகும் கிரேடியன்ட் இழுக்கிறேன். பலரும் சொல்லித்தராத இந்த ஒரு இழுப்புதான் படத்தை நம்பவைக்கிறது.

எவ்வளவு பிளர் என்பதற்கு நிலையான எண் கிடையாது. 4000 பிக்சல் அகலப் படத்தில் 10 பிக்சல் மங்கல் லேசாகத்தான் தெரியும். 800 பிக்சல் படத்தில் அது மூடுபனி. இரவுப் படத்தின் விளக்குகளைக் காசியன் பிளர் பஞ்சாக்கிவிடும். லென்ஸ் தருவது போன்ற வட்டமான ஒளிப் பொட்டுகள் வேண்டுமென்றால் லென்ஸ் பிளர் வகை ஃபில்டர்தான். மங்கிய இடத்தில் படத்தின் இயல்பான மணல்தன்மையும் போய்விடுவதால், நாய்ஸ் என்னும் பொடிப் புள்ளிகளைக் கொஞ்சம் தூவுவேன்.

ஒரு நிறத்தை மட்டும் விடுவது இதைவிட எளிது என்று நினைத்தேன். மேல் லேயரை நிறம் நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, மாஸ்க்கில் குடையின் மேல் கருப்பு பிரஷ் ஓட்டினால் கீழே உள்ள சிவப்பு எட்டிப் பார்க்கும். பொறுமையில்லாமல், நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவியை ஏவினேன். குடையோடு உதடு, கன்னம், காது மடல் எல்லாம் வந்து சேர்ந்தன. நிறச் சக்கரத்தில் சிவப்பும் மனிதத் தோலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். நீலமும் பச்சையும் அப்படிப் படுத்தாது. முகம் இருக்கும் படத்தில் சிவப்பு என்றால் கையால் வரைவதே மேல்.

குடையின் விளிம்பில் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பு கட்டம் கட்டமாக வெளியே வழியும். அது என் கைநடுக்கம் அல்ல. பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் வெளிச்ச விவரத்தைவிட நிற விவரம் குறைவான நுணுக்கத்தில்தான் பதிவாகிறது. முழு வண்ணப் படத்தில் கண் அதைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் சாம்பல் வந்ததும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாஸ்க்கின் ஓரத்தை ஓரிரு பிக்சல் உள்ளே தள்ளி, லேசாக மென்மையாக்கினால் மறையும். கேமரா ரா கோப்பு (சுருக்கப்படாத மூலப் பதிவு) தருமானால் அதிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பதிப்பு எனக்குப் பெரிய நிம்மதி. அதற்கு முன் பிளர் போட்டால் போட்டதுதான். மனம் மாறினால் பின்னோக்கிப் போக வேண்டும். இப்போது ஃபில்டர் லேயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நாளை திறந்தும் அளவைக் குறைக்கலாம். ஆனால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தால்தான் அது நிலைக்கும். முதல் இரண்டு ஆண்டு வேலைகளை ஜேபெக்காக மட்டும் வைத்திருந்த எனக்கு, அவற்றின் ஒரு மாஸ்க்கும் மிஞ்சவில்லை.

அந்த முதல் குடைப் படத்தின் அசல் மட்டும் பழைய வட்டு ஒன்றில் இருந்தது. சென்ற மாதம் அதை மறுபடி செய்தேன். மாஸ்க் வரைய நாற்பது நிமிடம் ஆனது. பிளர் போடவே இல்லை.