நினைவாற்றல் பரிசோதனைத் தொகுப்பு: 25-ஆ, 26-ஆ?

எழுபது வயதாகும் என் அம்மாவுக்கு மறதி என்று சொல்லத்தக்க தொந்தரவு எதுவும் இல்லை. இருந்தாலும், ‘மறதிநோயை வருமுன் கண்டறியலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, சென்னையில் உள்ள ஒரு பரிசோதனை மையத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நினைவாற்றல் சோதனையும் சேர்ந்த 7,500 ரூபாய்த் தொகுப்புக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

‘மோக்கா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மான்ட்ரியல் அறிதிறன் மதிப்பீட்டின் தமிழ் வடிவத்தை அங்கே பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 30 மதிப்பெண். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கனசதுரத்தைப் பார்த்து வரைவது, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வருவது, ஐந்து சொற்களைக் கேட்டுச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வது என்று போகிறது. பதினொன்று பத்து காட்டும் கடிகாரத்தை வரையச் சொன்னபோது, அம்மா வட்டத்தைப் போட்டு, முதலில் 12, 3, 6, 9 ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு இடையிலுள்ள எண்களை நிதானமாக நிரப்பினார். சோதனை நடத்திய பெண் பொறுமையாகப் பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொற்களை நினைவுகூர வேண்டிய நேரத்தில் கதவுக்கு வெளியே ஒலிபெருக்கியில் டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கையில் 25 என்றும், ‘இயல்பைவிடக் குறைவு’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். 26-உம் அதற்கு மேலும் இயல்பு என்பதும், பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும் என்பதும் இச்சோதனையின் விதி. அம்மா படித்தது பழைய பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. அதைப் படிவத்தில் எழுதி வாங்கியவர்களே கூட்ட மறந்துவிட்டார்கள். நான் போய்க் கேட்டபின் திருத்தித் தந்தார்கள் என்றாலும், இடைப்பட்ட நான்கு நாளும் அம்மா இரவில் எழுந்து எழுந்து அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் சொல்வதும் மிகை. அல்சைமர் நோயில் அமிலாய்டு புரதம், அறிகுறிகள் தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் படியத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர் இச்சோதனையில் முழு மதிப்பெண்ணும் வாங்கக்கூடும், வழக்கமான எம்.ஆர்.ஐ.யிலும் அந்தப் படிவு தெரியாது, அதற்குத் தனியாக, சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேன் வேண்டும். படிவு இருந்தும் நலமாக இருந்த 65 முதல் 85 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சொலனேசுமாப் என்ற மருந்தைச் சோதித்த ஏ4 ஆய்வு, அது நினைவுச் சரிவைத் தாமதப்படுத்தவில்லை என்றே 2023-இல் அறிவித்தது.

நலமாக இருப்பவர்களுக்கு, இன்றைய மதிப்பெண்ணை ஓரிரு ஆண்டு கழித்து வாங்கும் மதிப்பெண்ணோடு ஒப்பிட மோக்கா சோதனை உதவும். அதற்கு ஸ்கேன் தேவையில்லை; சோதனையை மட்டும் தனியாகச் செய்வார்களா என்று கேளுங்கள், விடைத்தாளின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதே கேள்விகள் மறுபடி வந்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறிவிடும் என்பதால், இதற்கு மாற்றுப் படிவங்கள் உண்டு. நாங்கள் போன மையத்தில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.