ஹாவ் டு, சப்போஸ்ட் டு: எதை எங்கே போடுவது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் எங்கட பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. ‘ஐ ஹாவ் டு கோ’ என்றால் போயே ஆகவேண்டும். ‘ஐ ஆம் சப்போஸ்ட் டு கோ’ என்றால் போவதாக ஏற்பாடு; அது நடக்காமலும் போகலாம்.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது இறந்தகாலத்தில். இரணைமடுக் குளத்தில் திங்கட்கிழமை தண்ணீர் திறப்பதாக இருந்தது என்று வைப்போம். ‘தே வேர் சப்போஸ்ட் டு ஓப்பன் த கேட்ஸ்’ என்று எழுதினால், திறக்கவில்லை என்றுதான் வாசிப்பவர் எடுப்பார். ‘தே ஹாட் டு ஓப்பன்’ என்றால் வேறு வழியின்றித் திறந்தேவிட்டார்கள். வயல் விதைத்துவிட்டு நிற்பவருக்கு இரண்டும் ஒன்றா?

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘யூ டோன்ட் ஹாவ் டு கோ இன்’ என்றால் போகத் தேவையில்லை, விரும்பினால் போகலாம். ‘நாட் சப்போஸ்ட் டு’ என்றால் போகக்கூடாது. கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நட்ட காணிக்கு முதலாவது அறவே பொருந்தாது. இரண்டாவதும் போதாது, அங்கே ‘மஸ்ட் நாட்’தான் சரி.

அப்புறம், ‘சப்போஸ்ட்’டின் கடைசி ‘டி’ எழுத்து பேச்சில் கேட்பதில்லை. அதனால் எழுதும்போதும் விட்டுவிடுகிறார்கள். முன்னால் ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ இவற்றில் ஒன்று வருவதும் கட்டாயம்.

நேர்முகத் தேர்வில் பழைய வேலையின் கடமைகளைக் கேட்டால் ‘ஹாட் டு’ போட்டே சொல்லுங்கள். ‘வாஸ் சப்போஸ்ட் டு’ என்றால், செய்யாமல் விட்டவர் என்று நினைத்துவிடுவார்கள்.