எழும்பூர் அருங்காட்சியகம்: செப்புத் திருமேனிகளிலிருந்து தொடங்குங்கள்

எழும்பூர் பாந்தியன் சாலையில் சுமார் 16 ஏக்கரில் பரந்திருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், பாடம் செய்த விலங்குகளையும் திமிங்கல எலும்புக்கூட்டையும் பார்த்துக் களைத்த பிறகே செப்புத் திருமேனிக் கூடத்துக்கு வந்து சேர்கிறார்கள். சென்னைவாசிகள் இதைச் ‘செத்த காலேஜ்’ என்று சொல்லிப் பழகியதும் அந்த விலங்குகளால்தான். 1851-இல் தொடங்கி 1854-இல் இவ்வளாகத்துக்கு வந்த இந்நிறுவனத்தின் உண்மையான செல்வம் கல்லும் செம்பும் என்பதால், வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

மெழுகில் உருவம் செய்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றும் மெழுகு வார்ப்பில் உருவான சோழர் காலத் திருமேனிகளில் பல, ஆபத்துக் காலத்தில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, பின்னாளில் உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ வெளிப்பட்டு, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக இங்கே வந்தவை. நெடுங்காலம் அபிஷேகம் கண்ட திருமேனிகளில் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போவதுண்டு. புதைந்து கிடந்தவற்றிலோ உளியின் கூர்மை பல இடங்களில் அப்படியே நிற்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைச் சற்று நேரம் நின்று பாருங்கள். வலப்புறம் இரண்டு கைகள், இடப்புறம் ஒன்றே ஒன்று. ஆண் பாதியின் ஆடை தொடையோடு முடிய, பெண் பாதியின் ஆடை கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பின் வளைவு ஒரு பக்கம் மட்டும் நெளிந்தும் உடல் ஒன்றாகவே தோன்றுகிறது. திருவாலங்காட்டு நடராசருக்கு உருவைச் சுற்றி வரும் சுடர் வளையமான திருவாசி இல்லை, ஆனால் அது ஒரு குறையாகவே படவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரொடான் நடராசரைப் பற்றி வியந்து எழுதியது இந்த அருங்காட்சியகத் திருமேனிகளின் புகைப்படங்களைப் பார்த்துத்தான். நாகப்பட்டினத்துப் புத்தர்களும் இத்தொகுப்பில் உள்ளனர். சோழர் கலையைச் சைவத்தோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பவர்கள் அவற்றைத் தவறவிடக் கூடாது.

அடுத்ததாக, ஆந்திரத்தின் அமராவதிப் பௌத்தத் தூபியைச் சேர்ந்த சிற்பங்கள். 1845-இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி பின்னர் இலண்டனுக்குப் போய்விட்டது. பளிங்கு என்று வழங்கினாலும் இங்குள்ள அமராவதிச் சிற்பங்கள் சுண்ணாம்புக் கற்களே. நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தில், மதங்கொண்டு ஆட்களைத் தூக்கியெறியும் யானையும் அவர் காலடியில் பணியும் யானையும் ஒன்றேதான். முன்னும் பின்னுமான இரு கணங்களை ஒரே வட்டத்துக்குள் அடக்கிய சிற்பி, மாடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களின் பதற்றத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூர்ப் பொருட்களும், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகளும் தொல்லியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு அரை நாளைத் தின்றுவிடும்; மற்றவர்கள் ஒரு சுற்றோடு நகரலாம். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட செந்நிறக் கலைக்கூடக் கட்டடமும் இதே வளாகத்தில்தான் நிற்கின்றன. கலைக்கூடத்தின் முகப்பை வெளியிலிருந்து பார்ப்பதற்கே தனியாக நேரம் ஒதுக்கலாம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. வேலைநாளில் காலையிலேயே போய், முதலில் செப்புக் கூடத்தையும் பிறகு அமராவதியையும் பார்த்துவிட்டால், விலங்குகளைக் குழந்தைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.